கமத்தின கலயம்

கொல்லம் ஆயிரத்து நூற்றொன்று மீனமாசத்தில் ஒரு திங்கட்கிழமை, காலைக் கஞ்சிக்கு மணி அடித்த நேரத்தில், குன்னத்துகால் தும்பாலைக்குள் ஒரு காளைவண்டி வந்து நின்றது. வண்டியில் வைக்கோலுக்கு நடுவே நாலு செம்புப் பாத்திரங்கள். வெளியே சிவப்புச் சாயம். முழங்காலைத் தாண்டிய உயரம். தலையில் பித்தளை மூடி. மூடியின் ஓரத்திலிருந்து ஒரு கறுத்த ரப்பர் குழாய் தொங்கியது.

கஞ்சிச் சட்டியும் கையுமாகப் பெண்கள் சுற்றி நின்றார்கள்.

“இது என்னத்துக்குள்ள குடம் ஏமானே?” என்றாள் ராஜபாய்.

“தீ அணைக்கதுக்கு,” என்றார் கணக்கப்பிள்ளை தாணுமாலயன் பிள்ளை.

“இத்துப்போல குடத்தாலயா? எனக்க மாமியாருக்க வாயை அணைக்கதுக்கே நெய்யாறு முழுசும் வேணும்.”

பெண்கள் சிரித்தார்கள். பிள்ளையும் சிரித்தார். அன்று முதல் அதற்குத் தீக்குடம் என்று பேர் விழுந்தது.

செல்லபாய் சிரிக்கவில்லை. கஞ்சியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே வேலிக்கல்லின்மேல் யோசுவா இருந்தான். அவள் புருஷன். காவலுக்கு என்று அவனை யாரும் வைக்கவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. தினமும் அவளோடு வந்து தினமும் அவளோடு திரும்பினான்.

ஆலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பனைமட்டையின் அடிப்பத்தையை ஊறவைத்து, இடித்து, இரும்புப் பல் வைத்த சீப்பில் பெண்கள் வாரி எடுப்பார்கள். தும்பு என்கிற அந்த நாரைச் சாயச் செம்பில் முக்கி, உலர்த்தி, கெட்டாகக் கட்டிக் கிட்டங்கியில் அடுக்குவார்கள். கெட்டுகள் கப்பலேறி எங்கோ போய்த் தூரிகையும் துடைப்பமும் ஆகும். வாரும்போது பறக்கிற பொடி மூக்கிலும் கண்ணிமையிலும் ஒட்டும். மீனமாச வெயிலில் அந்தப் பொடிக்கு ஒரு பொறி போதும்.

போன வருஷம் அந்தப் பொறி விழுந்தது. யோசுவா தீக்குள் பாய்ந்து மூன்று கெட்டைச் சுமந்து வெளியே போட்டான். வெளியே நின்றவர்கள் “கொள்ளாம், கொள்ளாம்” என்று மெச்சிக் கூவினார்கள். அதைக் கேட்டு அவன் பின்னாலேயே செல்லபாயின் தம்பி செல்லையனும் சாடினான். யோசுவா வெந்த கைகளோடு வந்தான். செல்லையன் வரவில்லை. செல்லபாய் அப்போது ஆற்றங்கரையில் பத்தை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். புகையைத்தான் பார்த்தாள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் யோசுவாவின் இரண்டு கையும் ஆறின. ஆறும்போது விரல்கள் உள்ளங்கையோடு சுருண்டு ஒட்டிவிட்டன. தீக்குள் போனவன் என்ற பேர் மட்டும் நிமிர்ந்து நின்றது. சந்தையில் ஆட்கள் அவனுக்கு வழி விட்டார்கள். வீட்டில் அவன் வாய்க்குச் சோறு செல்லபாயின் கையால்தான் போனது. அந்தச் சோறு அவள் சீப்பிலிருந்து வந்தது.

பிள்ளை விஷயத்தைச் சொன்னார். இன்சூரன்ஸ் துரை மேடமாசம் பிறக்குமுன் மெட்ராஸிலிருந்து வருவார். அவர் முன்னால் வேலைக்காரர்களே தீயை மூட்டி, இந்தக் குடத்தால் அணைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் ஆலை நடக்கும். இல்லாவிட்டால் மழை பிடிக்கும்வரை பூட்டு.

“மழைவரை நாங்க என்னத்தைத் தின்ன?” என்றாள் ஒருத்தி.

“அதனாலதான் படிக்கச் சொல்லுதேன்,” என்றார் பிள்ளை.

கிட்டங்கிக் கதவுக்குப் பக்கத்துச் சீப்பு செல்லபாயுடையது. ஒரு குடத்தை அவள் தலைக்கு மேலே ஆணியில் மாட்டினார்கள். அந்த இடத்தில் இருக்கிறவள் குடத்தையும் படித்திருக்க வேண்டும் என்றார் பிள்ளை. படிக்க மனமில்லாதவள் இடத்தை விட்டுக்கொடுக்கலாம். வேறு சீப்பு காலி இல்லை.

மறுநாள் உச்சி சாயும் நேரத்தில் முற்றத்தில் பாடம் தொடங்கியது. தாணுமாலயன் பிள்ளை நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் எழுத்துவேலை பார்த்தவர். குடத்தோடு வந்த இங்கிலீஷ் காகிதத்தை ஒரு ராத்திரி முழுவதும் இருந்து தமிழாக்கியிருந்தார். உள்ளே சோடா கலந்த வெள்ளம். அதற்குள் ஒரு கண்ணாடிக் குப்பியில் திராவகம். குடத்தைத் தலைகீழாக்கினால் திராவகம் சோடா வெள்ளத்தில் விழும். வாயு பொங்கி வெள்ளத்தைக் குழாய் வழியே தள்ளும். ஒருதடவை தொடங்கினால் தீரும்வரை நிற்காது.

“மூடியைத் திறக்காண்டாம். மூஞ்சிக்கு நேரா பிடிக்காண்டாம். சாயம் காச்சுத எண்ணெயில தீப்பிடிச்சா இதைத் தொடவே தொடாண்டாம், மண்ணு வாரிப் போடணும். கேட்டியளா?”

“கேட்டோம்.”

குழியில் கழிவுத் தும்பைப் போட்டுக் கொளுத்தினார். ராஜபாய் முந்திக்கொண்டாள். குடத்தை எடுத்தாள். எடுத்த கை அறியாமலே அது இடுப்பில் போய் உட்கார்ந்தது. ஆற்றிலிருந்து வருகிற நடையில் தீக்கு முன்னால் வந்து, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தாள். குழாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

“எளவு, இதுல வெள்ளமே இல்ல.”

“சாய்ச்சா போராது. கமத்து!” என்றார் பிள்ளை.

ராஜபாய் நின்றாள். நின்றிருந்த பெண்கள் எல்லோரும் ஒரு எட்டு பின்னால் போனார்கள். பிள்ளையும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த ஊர்களில் நிறைகுடத்தைக் கமத்துவது ஒரே ஒரு நாளில்தான். வீட்டில் ஆள் செத்த அன்று, இருக்கிற வெள்ளத்தையெல்லாம் வெளியே கொட்டி, குடத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். சைவ வீட்டிலும் அப்படித்தான். ஞானஸ்நானம் பெற்று இரண்டு தலைமுறை ஆன வீட்டிலும் அப்படித்தான். வேதக்கோயில் உபதேசியார் வேண்டாம் என்று சொல்லியும் அது மட்டும் போகவில்லை. சின்னப் பெண் விளையாட்டுக்கு நிறைகுடத்தில் கை வைத்துச் சரித்தால் அம்மாவின் அடி முதுகில் விழும்.

பிள்ளை வேறு சொல் தேடினார். பாதி மலையாளத்தில் யோசிக்கிறவர். மலையாளத்திலிருந்து ஒன்று எடுத்தார்.

“சரி. கமத்தாண்டாம். தீக்கு நேரா மறிச்சுப் பிடி.”

ராஜபாய் முகம் தெளிந்தது. இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கி, தீக்கும் தனக்கும் நடுவே கதவு மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறி என்றால் மலையாளத்தில் கவிழ். தமிழில் தடு. எல்லையோரத்தில் எல்லோருக்கும் இரண்டும் தெரியும். எந்தக் காது எந்த நேரத்தில் திறக்கும் என்பதுதான் தெரியாது.

“என்னட்டி செய்யுத?”

“மறிச்சிட்டாக்கும் நிக்கேன் ஏமானே. சுடுது, சீக்கிரம் அணையச் சொல்லுங்க!”

முற்றமே சிரித்து உருண்டது. சுமைகட்டும் ஆண்கள் கயிற்றைப் போட்டுவிட்டு வந்து சிரித்தார்கள். தீ தின்ன ஒன்றுமில்லாமல் தானே அணைந்தது. பிள்ளை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கோபப்படவில்லை. இன்னொரு கூடைத் தும்பைப் போட்டார்.

“பேரு வச்சதுதான் பிழை,” என்றாள் ராஜபாய், மூச்சு வாங்கிக்கொண்டே. “குடம்ணா கமத்தப்பிடாது. கலயம்ணு சொன்னா? பனையில கெடக்க அக்கானிக் கலயத்தைத் தினமும் கமத்துதுதானே குடுவையில? கமத்தாட்டாத்தான் பட்டினி.”

பதநீர் இறக்கும் கலயத்தில் யாருக்கும் பயமில்லை. பிள்ளை அவளைப் பார்த்தார். “கலயம்,” என்று சொல்லிப் பார்த்தார். “கொள்ளாம். கலயம்.”

“அப்பம் நீயே கமத்து,” என்று யாரோ சொன்னார்கள்.

ராஜபாயின் கை கலயத்தைத் திரும்பவும் இடுப்புக்கே கொண்டுபோயிற்று. பேரை மாற்றிவிடலாம். கை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

செல்லபாய் முன்னால் வந்தாள். அவள் வீட்டில்தான் போன வருஷம் செல்லையனுக்காகக் குடம் கமத்தியது. அது எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு நின்றது. வேலிக்கல்லில் இருந்த யோசுவா எழுந்தான்.

அவள் கலயத்தை ராஜபாயிடமிருந்து வாங்கினாள். சேலையை இழுத்துச் சொருகினாள். வலது கையில் குழாயின் நுனி. இடது கையால் அடியைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினாள். உள்ளே எதுவோ மொரமொரத்தது. பிறகு வெள்ளம் சீறியது. தீயின் தலைக்கு மேலே போய் வேலியில் விழுந்தது.

“தலையில அடிக்காத. வேருல அடி! பனைக்கு யாரெங்கிலும் மண்டையில வெள்ளம் விடுவாளா?” என்று கத்தினார் பிள்ளை.

அவள் நுனியைத் தாழ்த்தினாள். தீயின் அடி கறுத்தது. இடமிருந்து வலமாக வாரினாள், சீப்பில் தும்பை வாருகிற அதே வீச்சில். ஆவி எழுந்தது. தீ இல்லை. கலயத்தில் வெள்ளம் மிச்சம் இருந்தது. நிறுத்த முடியாது என்று சொல்லியிருந்ததால், கடைசிச் சொட்டுவரை சாம்பலில் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு வெறும் கலயத்தைப் பிள்ளையின் காலடியில் வைத்துவிட்டுச் சீப்புக்குப் போனாள்.

பிள்ளை குனிந்து அந்தச் சாம்பலை விரலால் கிளறிப் பார்த்தார்.

அடுத்த பாடம் கிட்டங்கிக்குள். அதில்தான் தகராறு.

“கதவு எப்பவும் முதுகுக்குப் பின்னால,” என்றார் பிள்ளை. “தீ உனக்கும் கதவுக்கும் நடுவே வந்துதுண்ணா நீ தீர்ந்த. கூரையில தீ ஏறினா, கலயத்துல வெள்ளம் இருந்தாலும் இல்லாட்டாலும், போட்டுட்டு வெளிய வரணும். வந்தவ திரும்ப உள்ள போகப்பிடாது. எதுக்கும்.”

கெட்டு அடுக்கும் மேஸ்திரி வேதமாணிக்கம் பீடியைக் காதில் சொருகினான். “அப்பம் ஓடப் படிப்பிக்கியதாக்கும். இதுக்கு எதுக்கு ஏமானே மெட்ராஸிலேர்ந்து செம்பு? ஓடதுக்குக் கால் போராதா?”

“எலே, கால் எல்லாருக்கும் உண்டு. எப்பம் எடுக்கணும்ணு அறியதுதான் பாடம்.”

“எங்க யோசுவா அறிஞ்சானா? கெட்டையாக்கும் எடுத்தான். அவன் ஆணு.”

யோசுவா சுருண்ட கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

அன்று பொழுது சாயும்போது வீட்டில் செல்லபாய் மரச்சீனிக் கிழங்கை அவித்து, சாளைமீன் கறியும் வைத்து எடுத்து வந்தாள். மரச்சீனியைக் கறியில் பிசைந்து அவன் வாயருகே நீட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

“நாளையிலேர்ந்து அந்த இடத்துல இருக்காண்டாம்.”

“வேற இடம் இல்ல.”

“இல்லெங்கி வேலைக்குப் போகாண்டாம்.”

“வேலைக்குப் போகாட்டா இந்த மரச்சீனி யாரு தருவா? வேதமாணிக்கமா? சந்தையில உங்களுக்கு வழி விடுதவனுவ ஒரு சிரட்டை அரிசி விட்டானுவளா?”

“ஏட்டி, வாய் நீளுது.”

“நீளட்டு. வாயைத் திறங்க.”

அவன் திறந்தான். மென்றான். கறியில் புளி கூடியிருந்தது. விழுங்கினான்.

“இந்த வீட்டுல ஒரு குடம் கமத்தியாச்சு,” என்றான் பிறகு. “அதுக்க மேல நீ தினமும் கமத்தப் போறியா?”

“நான் கமத்தினது கலயமாக்கும்.”

“ஓடப் படிப்பிக்கான் அந்தப் பிள்ளை. நாளைக்கு நீ கெட்டை விட்டுட்டு ஓடுவ. ஊரு சொல்லும், யோசுவாவுக்க பெண்டாட்டி ஓடினாண்ணு.”

“சொல்லட்டு. சொல்லுத வாய்க்கு நான் சோறு ஊட்டல்ல.”

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததற்காகவே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அடுத்த உருண்டையைப் பிசைந்தாள். மீன்முள்ளை விரலால் தடவி எடுத்தாள்.

அதன்பின் அவள் தினமும் படித்தாள். வெறும் கலயத்தை ஆணியிலிருந்து எடுத்து மாட்டி, எடுத்து மாட்டி, கண்ணை மூடிக்கொண்டும் எடுத்தாள். முடிந்ததும் நிறைந்த கலயத்தைத் திரும்ப அந்த ஆணியில் மாட்டிவிடுவாள். ராஜபாய் பக்கத்தில் நின்று தீயாக நடித்தாள். “ஸ்ஸ்… நான் கூரையில ஏறிட்டேன் அக்கா, ஓடு!” என்று கையை உயர்த்துவாள். செல்லபாய் கலயத்தைக் கீழே போட்டுவிட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பாமலே பின்னால் நடந்து வெளியே போவாள். வாசற்படிக் கட்டளைக்கல்லின் உயரம் அவள் குதிகாலுக்குப் பழகிவிட்டது.

துரை வருவதற்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, கடல்காற்று வழக்கத்துக்கு முன்பே எழுந்தது. பூவார் பக்கத்திலிருந்து வரும் காற்று. சாயச் செம்பின் அடுப்பிலிருந்து எரிகிற ஓலைத்துண்டு ஒன்றைத் தூக்கிக் கிட்டங்கியின் பக்கச் சன்னலுக்குள் போட்டது.

மூக்கு முதலில் சொன்னது. செல்லபாய் எழுந்தாள். உள்ளே அடிக்கெட்டில் ஒரு மஞ்சள் நாக்கு.

“தீ! எல்லாரும் வெளிய! ராஜபாய், கலயம்!”

கத்திக்கொண்டே கை ஆணிக்குப் போயிற்று. கலயம் இறங்கிற்று. கதவு முதுகுக்கு. திருப்பினாள். சீறியது. வேரில் அடித்தாள். வாரினாள். பொடி கறுத்துச் சேறாகியது. ஆவி முகத்தில் அடித்தது. முன்வரிசைக் கெட்டுகள் அணைந்தன. கலயம் தீர்ந்தது. ராஜபாய் இரண்டாவதை அவள் தோளுக்குப் பின்னாலிருந்து நீட்டினாள். அதையும் திருப்பினாள். ராஜபாயின் வாய் “கர்த்தாவே, கர்த்தாவே” என்றது. கால் மட்டும் பின்வாங்கவில்லை.

அப்போது செல்லபாய் மேலே பார்த்தாள். பின்வரிசையிலிருந்து தீ தூணைப் பிடித்து ஏறிக் கூரையின் அடியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

“போதும். வெளிய.”

“கலயத்துல இன்னும் உண்டு அக்கா.”

“உண்டெங்கிலும் வெளிய. நட.”

ராஜபாய் நடந்தாள். செல்லபாய் பின்னால் ஒரு கால் எடுத்து வைத்தாள். குதிகாலில் கட்டளைக்கல் பட்டது. அந்த நேரத்தில் அவளை இடித்துக்கொண்டு யோசுவா உள்ளே போனான்.

யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. இந்தத் தடவை யாரும் “கொள்ளாம்” என்று கூவவும் இல்லை. அவன் காலுக்கு அது தேவைப்படவில்லை. கதவை அடுத்திருந்த எரியாத கெட்டு ஒன்றின் அடியில் மணிக்கட்டுகளைச் செருகி, தலையால் முட்டித் தூக்கப் பார்த்தான். கெட்டு எழும்பியது. விரல் விரியாத கையிலிருந்து வழுகியது. திரும்பவும் முட்டினான்.

“வெளிய வாருங்க!”

“இதையெங்கிலும்…”

கலயம் அவள் கையில் சீறிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த முடியாது. அவள் நுனியை உயர்த்தி அவன் முதுகில் அடித்தாள். அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். சட்டையில்லாத முதுகிலிருந்து வெள்ளம் வழிந்தது.

“கெட்டு கெடக்கட்டு! வாருங்கண்ணு சொன்னேன்!”

கலயத்தைப் போட்டாள். கட்டளைக்கல்லில் ஒரு கால் ஊன்றி, கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் பெரிய ஆள். வந்தான். முற்றத்து மண்ணில் இருவரும் விழுந்தபோது பின்னால் கூரை இறங்கியது.

தாணுமாலயன் பிள்ளை கணக்கு அறையிலிருந்து ஓடி வந்தார். எரிகிற கிட்டங்கியை அவர் பார்க்கவில்லை. முற்றத்தில் நின்றவர்களைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஒவ்வொரு பேரும் பதில் சொல்லிற்று. கடைசியில் யோசுவாவின் பேரையும் கூப்பிட்டார். ஆலைக் கணக்கில் பேரில்லாதவன் அவன்.

“உண்டு,” என்றான் யோசுவா, மண்ணில் இருந்தபடியே.

ஆண்கள் குளத்திலிருந்து வெள்ளம் சுமந்து வந்து வெளிச்சுவரில் ஊற்றினார்கள். கதவுப் பக்கம் செல்லபாய் நனைத்துவிட்டிருந்த இடத்தைத் தீ தாண்டவில்லை. சீப்புக் கொட்டகை நின்றது. கிட்டங்கி போயிற்று.

“கெட்டு எல்லாம் போச்சே ஏமானே,” என்றான் வேதமாணிக்கம்.

“கெட்டு போச்சு. ஆள் யாரு போனா?”

“ஆள்… ஆரும் போகல்ல.”

“துரைக்கு அதைத்தான் காட்டப் போறேன்.” பிள்ளை செல்லபாயின் முன்னால் வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். கச்சேரியில் பெரியவர்கள் முன்னால் நிற்கிற நிலை அது. “நாளைக்குச் சீப்புக்கு வரணும்.”

“பூட்டுண்ணு சொன்னேளே ஏமானே?” என்றாள் ராஜபாய்.

“பூட்டுததுக்குக் கதவு எங்கட்டி இருக்கு?”

பெண்கள் சிரித்தார்கள். சிலர் அழுதார்கள். ராஜபாய் இரண்டையும் செய்தாள். வேதமாணிக்கம் காதிலிருந்த பீடியை எடுத்து, பார்த்து, குளத்தில் எறிந்தான்.

செல்லபாயும் யோசுவாவும் வயல் வரப்பு வழியே வீட்டுக்குத் திரும்பினார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். அவன் முதுகில் சோடா காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் கிணற்றில் இறைத்து அதைக் கழுவிவிட்டாள். மணிக்கட்டில் அவள் பிடித்த இடம் சிவந்து கிடந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பொழுது இருக்கும்போதே கஞ்சி ஆயிற்று. தொட்டுக்கொள்ள நேற்றைய சாளைக்கறி. அவள் பிலாவிலையைக் கரண்டியாகக் கோட்டிக் கஞ்சியைக் கோரி நீட்டினாள். அவன் குடித்தான். இன்னொரு இலை. அதையும் குடித்தான். வேலிக்கு அப்புறம் யாரோ தீயைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். அவள் பேர் கேட்டது. அவன் பேர் கேட்கவில்லை.

அவள் மூன்றாவது இலையைக் கோரினாள். அவன் தலையை அசைத்து அதைத் தள்ளினான்.

“அன்னைக்கு ஒருத்தரெங்கிலும் இப்பிடிக் கையைப் பிடிச்சு இழுத்திருந்தா, செல்லையன் வந்திருப்பானா செல்லபாய்?”